அடிமை ஒழிப்பு நினைவும் வன்னியின் காணிக் கேள்வியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

ஒவ்வோர் ஆண்டும் ஓகஸ்ட் 23ஆம் திகதியை அடிமை வணிகத்தையும் அதன் ஒழிப்பையும் நினைவுகூரும் நாளாக யுனெஸ்கோவும், டிசம்பர் 2ஆம் திகதியை அடிமைமுறை ஒழிப்புக்கான சர்வதேச நாளாக ஐக்கிய நாடுகள் சபையும் கடைப்பிடித்து வருகின்றன. நமது பத்திரிகைகளில் இவ்விரு நாள்களும் பெரும்பாலும் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தின் ஒரு மூலையில் வந்து போகின்றன. ஆபிரிக்காவிலிருந்து கப்பல்களில் ஏற்றப்பட்ட மக்களின் கதை என்றும், ஆபிரகாம் லிங்கன் முடித்துவைத்த கதை என்றும் நாம் அதனை ஒதுக்கி வைத்துவிட்டோம். இந்த நாட்டிலும், குறிப்பாகத் தமிழர் வாழும் வடக்கிலும், அடிமைமுறை சட்டத்தின் அங்கீகாரத்தோடு நிலவியது என்பதையும், 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதனை ஒழித்தது என்பதையும், அந்தச் சட்டம் செய்யாமல் விட்ட ஒரு காரியத்தின் விளைவை வன்னியில் இன்றும் நாம் கண்ணால் காண்கிறோம் என்பதையும் தங்கள் வாசகரின் கவனத்துக்குக் கொண்டுவரவே இம்மடலை எழுதுகிறேன். விடுதலை பெற்றவருக்குக் காலூன்றக் காணி கொடுக்கப்படவில்லை என்பதே அந்தக் காரியம்.

ஓகஸ்ட் 23 ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதிலிருந்தே தொடங்கலாம். 1791ஆம் ஆண்டு ஓகஸ்ட் 22ஆம் திகதி இரவு, பிரான்சின் ஆட்சியில் சென் டொமிங் என்று அழைக்கப்பட்ட கரிபியன் குடியேற்றத்தில், கரும்புத் தோட்டங்களின் அடிமைகள் ஒன்றுதிரண்டு கிளர்ந்தெழுந்தனர். அந்த எழுச்சி அடங்கவில்லை. துசேன் லூவர்த்தூர் என்ற தலைவர் பிரான்சின் சிறையில் 1803இல் இறந்த பின்னரும் போர் தொடர்ந்து, 1804 ஜனவரி 1ஆம் திகதி ஹெயிட்டி என்ற சுதந்திர நாடு பிறந்தது. ஆகவே உலகம் நினைவுகூரும் இந்நாள் ஓர் அரசர் அருள்பாலித்த நாளாகவோ ஒரு நாடாளுமன்றம் இரங்கிய நாளாகவோ தெரிவு செய்யப்படவில்லை. அடிமைப்படுத்தப்பட்டோர் தாமே எழுந்த இரவு அது. இந்தத் தெரிவில் ஒரு நீதி இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

ஆனால் அந்த விடுதலைக்குப் பின்னர் யாருக்கு என்ன கிடைத்தது என்பதைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. 1825இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, தோட்டங்களையும் அடிமைகளையும் இழந்த தன் குடிமக்களுக்கு ஈடாக 15 கோடி பிராங்கு தரவேண்டும் என்று ஹெயிட்டியை நெருக்கியது. தொகை பின்னர் 9 கோடியாகக் குறைக்கப்பட்டபோதிலும், அதற்காகப் பெற்ற கடன்களை அந்நாட்டு மக்கள் 1947 வரையில் அடைத்துக்கொண்டிருந்தார்கள். பிரித்தானியா 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டத்தை இயற்றியபோது 2 கோடி பவுண் இழப்பீடு வழங்கியது. அத்தொகை முழுவதும் உடைமையாளருக்கே போய்ச் சேர்ந்தது. அதற்காக எழுப்பப்பட்ட கடன் 2015ஆம் ஆண்டில்தான் முற்றாக அடைக்கப்பட்டது. விடுதலை பெற்றவரோ பழைய எசமானின் தோட்டத்திலேயே 'பயிலுநர்' என்ற பெயரில் 1838 வரை ஊதியமின்றி வேலைசெய்யக் கட்டாயப்படுத்தப்பட்டனர். ஐக்கிய அமெரிக்காவில் 1865 ஜனவரியில் ஜெனரல் ஷேர்மன், தென் கரோலைனா, ஜோர்ஜியா, புளோரிடா கரையோரங்களில் விடுதலை பெற்ற குடும்பங்களுக்கு 40 ஏக்கர் வரையில் காணி வழங்குமாறு கட்டளையிட்டார். குடும்பங்கள் குடியேறி விதைக்கவும் தொடங்கின. அதே ஆண்டிலேயே ஜனாதிபதி அன்ட்ரூ ஜோன்சன் அக்காணிகளைப் பழைய உரிமையாளரிடம் திருப்பிக் கொடுக்கச் செய்தார். விடுதலை பெற்றவர்கள் விளைச்சலில் பங்கு கொடுக்கும் குத்தகைக்காரராக, தீராத கடனோடு, அதே மண்ணில் இன்னும் பல தலைமுறை உழைத்தார்கள்.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன். 1833ஆம் ஆண்டின் அந்தப் பிரித்தானியச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்சிப் பகுதிகளுக்கும், சென் ஹெலினாத் தீவுக்கும், இலங்கைக்கும் பொருந்தாது என்று சட்டத்திலேயே விலக்களிக்கப்பட்டிருந்தது. மேற்கிந்தியத் தீவுகளில் 1834 ஓகஸ்ட் 1ஆம் திகதி சட்டப்படி அடிமைமுறை முடிந்தபோது, யாழ்ப்பாணத்தில் அது தொடர்ந்தது. அதற்கு அடிப்படையாக இருந்தது நமது வழக்கச் சட்டம். ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்தில் திசாவையாக, அதாவது பிரதேச ஆட்சி அதிகாரியாக, இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்து முடித்த தேசவழமை, பன்னிரண்டு தமிழ் முதலிமாரால் பார்வையிடப்பட்டு ஏற்கப்பட்டது. பிரித்தானியர் அதனை 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தின் மூலம் நடைமுறைச் சட்டமாக்கினர். சீதனம், முதுசொம், ஈடு, முன்வாங்கும் உரிமை என்று இன்றும் நீதிமன்றங்களில் நாம் எடுத்துரைக்கும் அதே தொகுப்பில், ஆண் பெண் அடிமைகளைப் பற்றிய தனிப் பகுதி ஒன்று இருந்தது. இன்ன இன்ன சாதியினர் அடிமைகள் என்று அதில் பெயர் சொல்லப்பட்டிருந்தது. அப்பெயர்களை இங்கு எழுதி இன்று வாழும் எந்தக் குடும்பத்தையும் சங்கடப்படுத்த நான் விரும்பவில்லை. தேடுவோர் அத்தொகுப்பிலேயே வாசித்துக்கொள்ளலாம். ஆனால் எழுதிவைத்தவர் ஒல்லாந்தர் என்பதைக் கொண்டு நாம் தப்பிவிட முடியாது. சரி என்று ஒப்புக்கொண்டவர் நம்மவர். வயலிலும் வீட்டிலும் அதனால் பயனடைந்தவரும் நம்மவரே.

அதே நூற்றாண்டுகளில் தமிழர் விற்கப்பட்ட வரலாறும் உண்டு. சோழமண்டலக் கரையில் பஞ்சம் வந்தபோதெல்லாம், குறிப்பாக 1659 முதல் 1661 வரையிலும் 1690களின் நடுப்பகுதியிலும், உணவின்றித் தவித்த மக்கள் நாகபட்டினம் முதலிய துறைமுகங்களிலிருந்து ஒல்லாந்தக் கம்பனியின் கப்பல்களில் அடிமைகளாக ஏற்றப்பட்டு யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) கொண்டுசெல்லப்பட்டனர். தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்கும் நம் கரையிலிருந்து அடிமைகள் போனார்கள். ஆகவே, அடிமை வணிகம் என்பது அத்திலாந்திக் கடலோடு முடிந்த விடயம் என்று எண்ணுவதற்கு இடமில்லை. பாக்கு நீரிணையையும் அது கடந்திருக்கிறது.

ஒழிப்பு இங்கு படிப்படியாகத்தான் வந்தது. பிரதம நீதியரசர் சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டனின் முயற்சியால், 1816 ஓகஸ்ட் 12ஆம் திகதிக்குப் பின்னர் தம் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரர் என்று கொழும்பு முதலிய இடங்களின் உடைமையாளர் பலர் ஒப்புக்கொண்டனர். யாழ்ப்பாணத்தின் சாதி அடிமை உடைமையாளர் அவ்வளவு இலகுவில் இசையவில்லை. 1818இல் அடிமைகளைப் பதிவுசெய்யும் பிரமாணம் வந்தது. 1821இல் வந்த ஏற்பாடு சற்று விளக்கப்பட வேண்டியது. அடிமை நிலை தாய்வழியாகவே பிள்ளைகளுக்கு இறங்கியது. தந்தை யார் என்பது கணக்கில் வரவில்லை. எனவே, பிறக்கும் பெண் குழந்தைகளை மட்டும் அரசாங்கம் உடைமையாளரிடமிருந்து விலைகொடுத்து வாங்கி விடுவித்தால், ஒரு தலைமுறையில் அடிமைமுறை தானாகவே அற்றுப்போகும் என்று கணக்கிட்டார்கள். கணக்கு பிழையென்று சொல்வதற்கில்லை. ஆயினும், பெற்ற தாய் அடிமையாகவே இருக்க, தொட்டிலில் கிடக்கும் மகளுக்கு மட்டும் விலை பேசி முடித்த அந்த ஏற்பாட்டை நினைக்கும்போது, ஒரு பெண்ணின் கருப்பையை ஒரு சமூகம் எவ்வாறு கணக்கேட்டில் எழுதி வைத்திருந்தது என்பது விளங்குகிறது. இந்த வரிசையின் இறுதியில்தான் 1844ஆம் ஆண்டின் சட்டம் வருகிறது.

வரலாறு கற்பித்த காலத்தில் நான் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரையால் 1832இல் இராஜகாரியம் என்னும் கட்டாய அரச ஊழியம் ஒழிக்கப்பட்டதைப் பரீட்சைக்குத் தயங்காமல் எழுதும் மாணவர் பலர் உண்டு. 1844ஐப் பற்றிக் கேள்விப்பட்ட மாணவரை நான் அரிதாகவே சந்தித்திருக்கிறேன். அவர்களுடைய பெற்றோரும் அதனைக் கேள்விப்பட்டிருக்கவில்லை. அடிமையாக இருந்தோரின் வழிவந்தவர்களுக்கு அதனைப் பேசுவது இழிவாகத் தோன்றியது. உடைமையாளரின் வழிவந்தவர்களுக்கு அது வசதியாக இருக்கவில்லை. இரு தரப்பினதும் மௌனத்தில் ஒரு முழு நூற்றாண்டு மறைந்துபோயிற்று.

1844ஐத் தனியாக எடுத்துப் பார்த்தால் அது ஒரு நற்செயலாகவே தோன்றும். அதற்கு முந்திய நான்கு ஆண்டுகளோடு சேர்த்துப் பார்க்கும்போதே அதன் முழு உருவம் தெரிகிறது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் கிடந்த நிலத்தையெல்லாம், எதிரான சான்று காட்டப்படாவிட்டால், முடிக்குரியது என்று கொண்டது. அதன் வழியே கைக்கு வந்த மலைநாட்டுக் காடுகள் கோப்பித் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டன. 1841ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், வேலை ஒப்பந்தத்தை முறித்து இடைநடுவில் விலகிச் செல்லும் வேலையாளைச் சிறையில் இடுவதற்கு வழிசெய்தது. மூன்றாவதாக 1844இல் அடிமைமுறை ஒழிந்தது. முதற் சட்டம் காணியை எடுத்துக்கொண்டது, இரண்டாவது சட்டம் காணியில்லாதவன் வேலையை விட்டுப் போவதைக் குற்றமாக்கியது, அதற்குப் பின்னரே மூன்றாவது சட்டம் அவனைப் பார்த்து நீ சுதந்திரன் என்றது. இவற்றை ஒரே கை திட்டமிட்டு எழுதியது என்று நான் கூறவில்லை. ஆனால் அம்மூன்றுக்கும் இடையில் அகப்பட்ட மனிதனின் நிலையிலிருந்து பார்த்தால், விடுதலை பெற்ற மறுநாட் காலையில் அவன் யாருடைய வளவில் குடிசை போட்டிருந்தானோ அவரிடமே வேலைக்குப் போவதைத் தவிர அவனுக்கு வேறு வழி இருந்திருக்குமா? வடக்கில் அடிமைமுறை சட்டத்திலிருந்து நீங்கிய பின்னரும் குடிமைத் தொண்டு என்ற பெயரில், சாதிவழிக் கட்டாயப் பணிவிடையாக, பல தலைமுறை நீடித்தமைக்கு இதுவே அடிப்படைக் காரணம். சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வருவதற்கு 1957ஆம் ஆண்டு ஆயிற்று. அதன் பின்னரும் தேநீர்க் கடைகளிலும் கோயில் வாசல்களிலும் சம உரிமை கேட்டு 1966 ஒக்டோபரில் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு மக்கள் ஊர்வலமாகச் செல்லவேண்டியிருந்தது.

கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் வந்த பாதை நமது வன்னியின் ஊடாகவே சென்றது. தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரால் திரட்டப்பட்டவர்கள் தோணிகளில் மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டுவழியே மாத்தளை வரையில் கால்நடையாகச் சென்றனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் தாகத்தாலும் வழியில் இறந்தவர்கள் வீதியோரத்திலேயே விடப்பட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை இந்தப் பாதை பாவனையில் இருந்தது. அந்த மக்களைச் சட்டம் அடிமைகள் என்று சொல்லவில்லை. நானும் அவ்வாறு சொல்லமாட்டேன். வேறுபாடு முக்கியமானது, அவர்களை விலைக்கு விற்கவோ அவர்களின் பிள்ளைகளைச் சொத்தாக எழுதவோ எவருக்கும் உரிமை இருக்கவில்லை. ஆயினும் பயணச் செலவு முதற்கொண்டு அனைத்தும் கடனாக எழுதப்பட்டு, அக்கடன் தொகை குறிக்கப்பட்ட 'துண்டு' இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாதிருந்த அவர்களின் வாழ்வை முழுச் சுதந்திரம் என்றும் கூற முடியாது. துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது.

2023ஆம் ஆண்டில், மலையக மக்களின் இருநூறு ஆண்டு வரலாற்றை முன்னிறுத்தித் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபவனி ஒன்று நடைபெற்றதைத் தங்கள் வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். ஜூலை 28ஆம் திகதி புறப்பட்ட அந்த நடை ஓகஸ்ட் 12ஆம் திகதி முடிவுற்றது. 1816இல் அடிமைகளின் பிள்ளைகளுக்கு விடுதலை குறிக்கப்பட்டதும் அதே திகதியிலாகும். தற்செயலாக அமைந்த இந்தப் பொருத்தத்தை எவரும் கவனித்ததாக நான் அறியவில்லை. ஆனால் இவ்விரு வரலாறுகளையும் ஒன்றாக வைத்துப் படிக்க வேண்டும் என்பதற்கு அது ஒரு நல்ல தொடக்கமாக அமையலாம்.

ஏனென்றால் வன்னியில் அவ்விரு வரலாறுகளும் ஒரே வேலியின் இரு புறத்திலும் நிற்கின்றன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பல, 1958இலும் 1977இலும் வன்செயல்களுக்கு அஞ்சி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வந்து சேர்ந்தன. வவுனியாவைத் தளமாகக் கொண்டு இயங்கிய காந்தீயம் அமைப்பு அவர்களை எல்லைப்புறக் காணிகளில் குடியமர்த்த முயன்றது. அதனை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவரான மருத்துவர் இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். அவர்களுக்காக உழைத்தோரின் நினைவு இங்கு போற்றப்பட வேண்டும். மறுபுறத்தில், வந்தவர்களுள் கணிசமானோர் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஏற்கெனவே அனுமதிப்பத்திரம் பெற்றிருந்தவர்களின் வயல்களில் கூலியாள்களானார்கள். காடு வெட்டியவர், வரம்பு கட்டியவர், இரவில் யானைக்குக் காவல் இருந்தவர் அவர்கள். பத்திரத்தில் பெயர் வேறொருவருடையது. வயல் மூலையில் வாடி போட்டு இருக்க விடுவதே பெரிய உபகாரம் என்று கருதப்பட்ட காலத்தை வட்டக்கச்சியிலும் தருமபுரத்திலும் முரசுமோட்டையிலும் இன்றும் முதியவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

போர் முடிந்து மீள்குடியேறியபோது இந்தக் குறை இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. அனுமதிப்பத்திரம் இல்லாத குடும்பம் வீட்டுத்திட்டப் பட்டியலில் பின்னுக்குத் தள்ளப்பட்டது. வங்கியில் பயிர்க்கடன் கேட்க முடியவில்லை. கிணறு வெட்டவும் மின்னிணைப்புப் பெறவும் பிறருடைய கையொப்பத்துக்காகக் காத்திருந்தது. தனியார் காணியொன்றைப் பத்து ஆண்டு தொடர்ந்து ஆட்சிசெய்தவர் அதன் மூலம் அதில் உரிமை பெறுவதற்கு 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே முதல் 2009 மே வரையிலான காலத்தை, இடம்பெயர்ந்ததனால் தம் காணியைப் பார்க்க முடியாது போனவர்களுக்கு எதிராகக் கணக்கிடக் கூடாது என்றது. இடம்பெயர்ந்த உரிமையாளரைக் காக்கும் அச்சட்டம் நியாயமானதே. நான் அதனை எதிர்க்கவில்லை. ஆனால் அதே இருபத்தாறு ஆண்டுகளில் குண்டுவீச்சுக்கு நடுவிலும் அக்காணியை விட்டு அதிகம் விலகாமல், விலகினாலும் திரும்பி வந்து, அதனைப் பண்படுத்தி வைத்திருந்த காணியற்ற குடும்பத்துக்கு மாற்றுக் காணி எங்கே என்ற கேள்விக்கு விடையளிக்கும் சட்டம் இன்னும் எழுதப்படவில்லை.

காணியில்லாமையிலிருந்து இன்றைய கட்டுண்ட நிலைகளுக்குச் செல்லும் தூரம் மிகக் குறுகியது. சர்வதேச தொழில் அமைப்பும் அதன் பங்காளிகளும் 2022இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2021ஆம் ஆண்டில் உலகில் 4 கோடியே 96 இலட்சம் பேர் நவீன அடிமை நிலையில் இருந்தனர். அவர்களுள் 2 கோடியே 76 இலட்சம் பேர் கட்டாய உழைப்பில் சிக்கியவர்கள். இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவையும் 2006ஆம் ஆண்டின் திருத்தத்தின் மூலம் அடிமைப்படுத்தலோடு கடனுக்காகக் கட்டுண்டு உழைக்க வைப்பதையும் கட்டாய உழைப்பையும் குற்றங்களாக்கியுள்ளது. ஒவ்வொரு துன்பத்தையும் அடிமைத்தனம் என்று பெயரிட்டு அச்சொல்லின் கனத்தைக் குறைப்பது சரியென்று நான் நினைக்கவில்லை. நுண்கடன் தவணை கட்ட முடியாமல் வாராவாரம் அவமானப்படும் குடும்பத்தலைவி அடிமை ஆகமாட்டார். ஆனால் அந்தத் தவணைக்கு அஞ்சி முகவரொருவர் நீட்டிய பத்திரத்தில் கையொப்பமிட்டு வளைகுடா நாடொன்றுக்குப் பணிப்பெண்ணாகச் சென்று, கடவுச்சீட்டு பறிக்கப்பட்டு, ஊதியமின்றி, வீட்டை விட்டு வெளியே போக முடியாமல் அடைபட்டுக் கிடந்தால், அப்போது அவருடைய நிலை என்ன? விலகிச் செல்ல முடியுமா என்ற ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்த்தாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். 2018இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாய் வரையிலான நுண்கடன்களுக்கு நிவாரணம் வழங்க அரசாங்கம் முன்வந்தது. அது நல்ல காரியம். எனினும் அதே பெண்ணின் பெயரில் அரை ஏக்கர் மேட்டுக்காணியும் ஒரு கிணறும் இருந்திருந்தால், அவர் முதலில் அந்தக் கடனுக்குப் போயிருக்க வேண்டிய தேவை குறைந்திருக்கும்.

இந்த வரலாற்றை இப்போது கிளறுவது, இவ்வளவு இழப்புக்குப் பின்னர் ஒன்றாக நிற்க வேண்டிய தமிழரைப் பிரித்துவிடும் என்று எனது நண்பர் சிலர் கூறுகின்றனர். அவர்களுடைய அச்சத்தை நான் மதிக்கிறேன்; அது பொதுநலனில் கொண்ட அக்கறையிலிருந்து வருவது. ஆனால் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கி, காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளைப் பற்றிய உண்மையைச் சொல்லுங்கள் என்று தாய்மார் அமர்ந்த இடம் இதே வன்னி. அதே ஆண்டில், படையினர் வசமிருந்த தம் காணியைக் கேட்டு முல்லைத்தீவின் கேப்பாப்புலவு மக்கள் வெயிலிலும் மழையிலும் வீதியோரத்தில் கிடந்தார்கள். உண்மையையும் காணியையும் அரசிடம் அவ்வளவு உறுதியாகக் கேட்ட ஒரு சமூகம், தன் நடுவில் வாழும் ஒரு பகுதியினர் அதே இரண்டையும் தன்னிடம் கேட்கும்போது காதை மூடிக்கொண்டால், வெளியே நின்று கேட்கும் குரலும் வலுவிழக்கும். நம்மைப் பிரித்தது இந்த வரலாறே. அதனைப் பேசுவது பிரிவினையாகாது.

மொரீசியஸ் நாட்டை இங்கு எடுத்துக்காட்ட விரும்புகிறேன். அங்கும் தமிழர் வாழ்கிறார்கள். 1835 பெப்ரவரி 1ஆம் திகதி அங்கு அடிமைமுறை ஒழிந்தது. 1834 முதலே இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் இறங்கத் தொடங்கியிருந்தனர். இன்று அந்நாட்டில் பெப்ரவரி 1உம், ஒப்பந்தத் தொழிலாளர் வருகையை நினைவுகூரும் நவம்பர் 2உம் பொது விடுமுறை நாள்கள். ஒரு துயரத்தை நினைவுகூர்ந்ததால் மற்றத் துயரம் சிறுமைப்பட்டதாக எவரும் முறையிடவில்லை. அதனிலும் மேலாக, 2009இல் அந்நாட்டு அரசு உண்மைக்கும் நீதிக்குமான ஆணைக்குழு ஒன்றை அமைத்து, அடிமைமுறையினதும் ஒப்பந்த உழைப்பினதும் விளைவுகளை ஆராயச் செய்தது. 2011இல் வெளிவந்த அதன் அறிக்கையில், மூதாதையரின் காணியை இழந்த குடும்பங்களின் முறைப்பாடுகளுக்குப் பெரியதோர் இடம் கொடுக்கப்பட்டது. நினைவுகூர்தல் மலர் வைப்பதோடு நின்றுவிடாமல் காணிப் பதிவேட்டைத் திறந்து பார்ப்பது வரையில் செல்லலாம் என்பதற்கு அந்தச் சிறிய தீவு சாட்சி.

வன்னியிலும் அதனைத் தொடங்கலாம். பாடசாலைகளில் ஓகஸ்ட் 23ஆம் திகதியையொட்டிய வாரத்தில் ஹெயிட்டியோடு 1844ஐயும் மன்னார்–மாத்தளைப் பாதையையும் சேர்த்து ஒரு பாடவேளை கற்பிப்பதற்கு எவருடைய அனுமதியும் பணமும் பெரிதாகத் தேவைப்படாது. வீடுகளில் பழைய பெட்டகங்களில் அடிமைகளைச் சொத்தாக எழுதிய ஓலைகளும் உறுதிகளும் இன்னும் கிடக்கக் கூடும். வெட்கத்தால் அவற்றை எரித்துவிடாமல், குடும்பப் பெயர்களை மறைத்தேனும் படியெடுத்துப் பாதுகாக்க யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறை முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். செட்டிகுளம் வழியாகச் செல்லும் அந்தப் பழைய பாதையில், பெயர் தெரியாமல் இறந்தவர்களுக்கென ஒரு கல்லை நாட்டுவதற்கு அப்பகுதிப் பிரதேச சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றினால் போதும்.

காணியைப் பொறுத்த வேண்டுகோள் இவற்றிலும் அவசரமானது. எந்தக் குடும்பம் எந்தக் காணியில் எத்தனை ஆண்டாக அனுமதிப்பத்திரம் இன்றி இருக்கிறது, அது அரச காணியா, மத்தியவகுப்புத் திட்டக் காணியா, வன இலாகாவின் எல்லைக்குள் அகப்பட்டதா என்ற விவரம் கிராம அலுவலர் மட்டத்தில் பெரும்பாலும் தெரிந்ததே. அதனை ஒரே பட்டியலாக்கிப் பகிரங்கப்படுத்தும் வேலைதான் நடைபெறவில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டச் செயலகங்கள் வடமாகாணக் காணி ஆணையாளருடன் சேர்ந்து, வரும் டிசம்பர் 2ஆம் திகதி ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் காணியற்றோருக்கான நடமாடும் சேவை ஒன்றை நடத்த வேண்டும். விண்ணப்பதாரரிடம் இல்லாத பழைய ஆவணத்தைக் கேட்டுத் திருப்பி அனுப்பாமல், அயலவர் இருவரின் சத்தியக்கடதாசியையும் வாக்காளர் இடாப்பையும் குடியிருப்புக்குச் சான்றாக ஏற்றுக்கொண்டு, குடும்பத்தலைவியின் பெயரையும் விண்ணப்பத்தில் சேர்த்து, பெற்ற விண்ணப்பத்துக்கு அங்கேயே இலக்கமிட்ட பற்றுச்சீட்டு வழங்க வேண்டும். எத்தனை விண்ணப்பங்கள் கிடைத்தன, எத்தனைக்கு முடிவு எட்டப்பட்டது என்பதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தங்கள் பத்திரிகை கேட்டு வெளியிடுமானால், அது இம்மக்களுக்குச் செய்யும் பேருதவியாக இருக்கும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கிளிநொச்சி.